குண்டானின் வயிற்றில் சோப்பு

விழாவுக்குத் தலைமை தாங்கி, தலையை நிமிர்த்தி, மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! ஒன்பது வயதில் என் கோழியைக் கல்லால் அடித்து நொண்டியாக்கியதும் அதே கைதான் என்பதை மறவாமல், அந்தக் கைக்கும் சேர்த்தே வணக்கம் சொல்கிறேன், தலைவர் அவர்களே!

அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கும் முன்னாள் ரயில் நிலைய அதிபர் அவர்களே! கால் மணி நேரம் தாமதமாக வந்த எனக்கு அரை நாள் விடுப்பு எழுதிய நீதியின் நிறைகுடமே! இடப்புறம் அமர்ந்து, பேச்சைச் சுருக்கச் சொல்லி இப்போதே கையைக் காட்டும் விழாக்குழுச் செயலாளர் அவர்களே! பெரியோர்களே! என்னைவிடப் பெரியோர் இங்கே இரண்டே பேர். அவர்களில் ஒருவர் தூங்குகிறார், அவரை எழுப்ப வேண்டாம். தாய்மார்களே! என் சல்லடையை இரவல் வாங்கிப்போய்க் கிழித்துக்கொண்டு வந்து, "சல்லடைன்னா ஓட்டை இருக்கத்தானே செய்யும்?" என்று கேட்ட தாய் நான்காம் வரிசையில் இருக்கிறாள். அவளையும் உள்ளடக்கிய தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பகை மட்டும் பட்டப்படிப்பு வரை போனது. இந்த மேடைத் தமிழ்கூட நான் பம்பு அடித்த இடத்துக்கு எதிரே வருடக்கணக்காக அலறிய ஒலிபெருக்கி கொடுத்த பிச்சைதான்.

எதற்காக என்னை இங்கே அழைத்தார்கள்? எதிரே பாருங்கள். பச்சை வண்ணம் பூசி, பித்தளையைத் தேய்த்து, மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், நம்முடைய குட்டி நீராவி எஞ்சினை. அதன் பக்கத்தில் நீலத் துணியால் மூடிய பலகை. இந்த எஞ்சினை ஓட்டிய டிரைவர்களின் பெயர்களை அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துணியை என் கையால் இழுத்துத் திறக்க வேண்டுமாம். அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் மிச்சமிருக்கும் பழைய ஆள் நானாம், எதையும் மறக்காதவளாம்.

மக்களே, துணியை இப்போது நான் இழுக்கப் போவதில்லை. பலகையில் ஆறு பெயர் இருக்கிறது. ஓட்டியவர்கள் ஏழு பேர். ஏழாவது பெயர் ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த முழங்காலோடு ஐந்து படி ஏறி வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் தலைவரே, நல்ல கடிகாரம்தான்.

இளையவர்களுக்காக முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன். காகித ஆலையில் தொடங்கி, பெரிய ரயில் நிற்கும் சந்திப்பில் முடியும் பாதை அது. எவ்வளவு நீளம்? ஒன்பது மைல்! எத்தனை நிலையம்? மூன்று! எத்தனை எஞ்சின்? ஒன்றே ஒன்று! ஆறு சக்கரம், அடுப்பில் ஏற்றிய பாத்திரம் போல உருண்ட உடம்பு. அதனால் நாங்கள் வைத்த பெயர் குண்டான். காகிதச் சுருள் ஏற்றிய நான்கு வண்டிகளையும், ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் இரண்டு பெட்டிகளையும் இழுக்கும். இழுக்கும் என்றால் இழுக்குமா? கெஞ்சும், கொஞ்சும், முனகும், முக்கும், பிறகுதான் இழுக்கும்!

வேகத்தைக் கேட்காதீர்கள். எங்கள் தபால்காரர் சைக்கிளில் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து, ஜன்னல் வழியாகக் கடிதம் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். "படிச்சுட்டுப் பதில் எழுதித் தாங்க, கையோட வாங்கிட்டுப் போயிடுறேன்" என்று கூடவே மிதித்து வருவார். அப்படிப்பட்ட விரைவு வண்டி!

அந்தக் குண்டானுக்கு நான் யார்? டிரைவரா? இல்லை. கார்டா? இல்லை. கொடி காட்டியவளா? அதுவும் இல்லை. நான் தண்ணீர்க்காரி! பாதையின் நடுவில் ஒரு நிலையம். அங்கே நான்கு கால் ஊன்றி உயரத்தில் நிற்கும் ஓர் இரும்புத் தொட்டி. கீழே ஒரு கைப்பம்பு. எண்ணூறு முறை அடித்தால் தொட்டி நிறையும். குண்டான் வந்து நின்று குடித்துவிட்டுப் போகும். மறுபடி எண்ணூறு. என் வலது தோள் இடது தோளைவிடப் பெரியதாக இருப்பது அதனால்தான்; கர்வத்தால் அல்ல. கர்வம் இரண்டு தோளிலும் சமமாகத்தான் இருந்தது.

அந்தக் கர்வத்தின் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அப்போது குண்டானை ஓட்டியவரை நாங்கள் 'பூட்டு' என்போம். வாய்க்குப் பூட்டுப் போட்ட மனிதர். காலையில் ஒரு சொல், மாலையில் ஒரு சொல், அதுவும் எஞ்சினோடுதான். அந்த மனிதர் ஒருநாள் என் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டே மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"அக்கா, தொட்டியில லேசாப் பாசி பிடிச்சிருக்கு. நேரம் இருக்கும்போது பாருங்க."

அவ்வளவுதான்! எவ்வளவு மரியாதையான பேச்சு! 'அக்கா' உண்டு, 'லேசா' உண்டு, 'நேரம் இருக்கும்போது' உண்டு. ஆனால் பெட்டியில் அறுபது பேர் இருந்தார்கள். அதில் யாரோ ஒருவர் சிரித்தார். யார் என்று எனக்குத் தெரியும், பெயரைச் சொல்ல மாட்டேன், மூன்றாம் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிரிப்புப் போதாதா? பஞ்சுக்குப் பக்கத்தில் பொறி விழப் போதாதா? என் தொட்டியில் பாசியா? எண்ணூறு அடி அடிக்கிறவளைப் பார்த்துப் பாசியா? அன்று மாலை வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"என்னை ஊர் நடுவுல அழுக்குப் பிடிச்சவள்னு சொல்லிட்டாரு."

காகித ஆலையில் வெட்டும் பிரிவில் வேலை செய்தவர் அவர். நான் எது சொன்னாலும் வெட்டித்தான் கேட்பார். "தொட்டியைத்தானே சொன்னாரு? உன்னையா சொன்னாரு?" என்றார்.

"நீங்க அவர் பக்கமா?"

"நான் பாசி பக்கம். அதுதான் வாயைத் திறக்காம கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் பொழுது விடியுமுன் ஏணி ஏறினேன். தொட்டியை வடித்தேன். கம்பித் தூரிகையால் தேய்த்தேன். துணி துவைக்கும் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் இரும்பு தன் பிறந்தநாளை நினைத்திருக்கும். அதோடு நிறுத்தினேனா? நிறுத்தியிருந்தால் இன்று இந்த மேடைக்கு வேலை இல்லை. அறிவு நிற்கச் சொன்ன இடத்தில் ஆத்திரம் ஓடச் சொன்னது. புதுத் தண்ணீர் நிரப்பினேன். நிரப்பிவிட்டு யோசித்தேன். தொட்டி சுத்தம், சரி. குண்டானின் வயிறு? அதற்குள் எத்தனை வருடத்து அழுக்கோ! உள்ளே போகிற தண்ணீரிலேயே சோப்பு இருந்தால் குண்டானும் உள்ளுக்குள் குளித்துவிடாதா? பாசி என்று சொன்ன வாய் நாளைக்குப் 'பளபளப்பு' என்று சொல்லாதா?

ஆறு கட்டி சோப்பைக் கத்தியால் சீவிப் போட்டேன். ஆறு கட்டி! குழம்புக்கு உப்புப் போடுகிறவள்கூட ஒருமுறை ருசி பார்ப்பாள். நான் எதையும் பார்க்கவில்லை.

நீராவி எஞ்சினைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே தலையில் கை வைக்கிறார்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினின் கொதிகலனில் சோப்புத் தண்ணீர் போனால் பால் பொங்குவது போலப் பொங்கும். ஆவி போக வேண்டிய குழாயில் நுரை போகும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் நுரை ஏறிக்கொண்டால் தண்ணீர் நிறைய இருப்பதாகவே காட்டும், உண்மையில் வற்றிக்கொண்டே போகும். தண்ணீர் வற்றிய பிறகும் கீழே நெருப்பு எரிந்தால் கொதிகலன் வெடிக்கும். இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? எல்லாம் முடிந்த பிறகு!

அன்றைக்கென்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. வெள்ளையை வைத்துத்தான் விதி விளையாடும். எஞ்சினிலேயே ஏறி, டிரைவரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். குண்டான் என் தொட்டியில் வயிறு நிறையக் குடித்தது. பூட்டு டிரைவர் தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கு அக்கா" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாராட்டையும் பகையில் வரவு வைக்கிற பிறவி நான்.

என் நிலையத்தைத் தாண்டினால் ஓர் ஏற்றம். ஏணியில் நின்றால் முழுக்கத் தெரியும். நின்று பார்த்தேன். குண்டான் பாதி ஏறியது. தும்மியது. பிறகு… என்ன சொல்வேன்! புகைபோக்கியில் புகை வரவில்லை, நுரை வந்தது! மேலே நுரை! பக்கத்தில் நுரை! சக்கரத்தடியில் நுரை! கரி கலந்த நுரை கட்டிகட்டியாகப் பறந்து, அதிகாரியின் தொப்பியில் உட்கார்ந்தது, மூக்கில் உட்கார்ந்தது, மீசைக்கு ஒரு மீசையாக உட்கார்ந்தது! ஆலைக்காரர்கள் பெட்டியிலிருந்து கையை நீட்டி நுரையைப் பிடித்து ஊதினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏணியில் நின்று சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். முதல் பெட்டியில் என் வீட்டுக்காரர் இருந்தார். அது தெரிந்துதான் சிரித்தேன். தெரியாதது, அவர் எதன் மேல் உட்கார்ந்திருந்தார் என்பது.

அது பூட்டு டிரைவருக்குத் தெரிந்தது. கண்ணாடிக் குழாயை நம்ப முடியாது என்று தெரிந்தது. அதிகாரி கத்தினாராம்:

"ஓட்டு! நிறுத்தாதே! ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி ஏறாது!"

அவர் ஓட்டவில்லை. நிறுத்தினார். பிரேக்கைப் போட்டார். நெருப்பு முழுவதையும் இழுத்துத் தண்டவாளத்தில் கொட்டினார். ஓர் எஞ்சினின் நெருப்பைப் பாதையில் கொட்டுவது டிரைவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை அவர் அதிகாரியின் கண் முன்னால் செய்தார். அறுபது பேர் இறங்கி நடந்து ஆலைக்குப் போனார்கள். அறுபது பேரும் நடந்தார்கள் மக்களே! நடக்கக் கால் இருந்தது!

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தார். இருபத்தாறு வருடமும் என்னோடு சண்டை போட்டார். அத்தனை சண்டையும் அந்தப் பூட்டு டிரைவர் எனக்குக் கொடுத்தது.

நான் அவருக்கு என்ன கொடுத்தேன்?

ஏற்றத்தில் நெருப்பைக் கொட்டியதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது. தண்ணீர்தான் காரணம் என்று உறைத்தது. உடனே என்ன செய்தேன்? ஓடிப்போய் உண்மையைச் சொன்னேனா? தொட்டியை வடித்தேன்! கழுவினேன்! எண்ணூறு அடி அடித்துப் புதுத் தண்ணீர் நிரப்பினேன்! வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் பம்பு அடித்ததே இல்லை. வேலையில் அந்த வேகத்தைக் காட்டியிருந்தால் நிலைய அதிபர் எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்திருப்பார்.

பின்னேரம் விசாரணை. என் நிலையத்து அறையிலேயே நடந்தது. ஒரு மேசை, ஓர் அதிகாரி, காதுக்குள் இன்னும் கொஞ்சம் நுரை.

"தண்ணியில ஏதாவது கலந்துச்சாம்மா?"

"ஒண்ணும் கலக்கலைங்க. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வேணும்னா இப்பக்கூட ஏறிப் பாருங்க."

"தொட்டியை எதை வச்சுக் கழுவுவீங்க?"

"தண்ணித் தொட்டியைத் தண்ணியிலதாங்க கழுவணும்."

அதிகாரி டிரைவர் பக்கம் திரும்பினார். "அப்போ கொதிகலனை நீ ஒழுங்காக் கழுவி விடலை. அழுக்குச் சேர்ந்து பொங்கியிருக்கு. பயந்துபோய் நெருப்பையும் கொட்டிட்ட. என்ன சொல்ற?"

பூட்டு டிரைவர் என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, கையைப் பார்த்தார். நாள் முழுக்கச் சோப்பில் ஊறி, வெளுத்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்த கை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

சோப்பு! மூன்றே எழுத்து! மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு அது கடினமான சொல்லா? அந்த மூன்றெழுத்தை நான் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? திட்டு விழுந்திருக்கும், வேலை போயிருக்கும், வேறு வேலை கிடைத்திருக்கும். சொல்லாததால் அவருக்கு என்ன ஆனது? பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். எஞ்சினை விட்டு இறக்கினார்கள். எந்தக் குண்டானை ஓட்டினாரோ, அதே குண்டானுக்கு அடியில் குழியில் குனிந்து சாம்பல் அள்ளும் வேலை. பாதையை மூடும் வரை, பதினோரு வருடம்!

அந்தப் பதினோரு வருடமும் நான் அவரோடு பேசவில்லை. வேடிக்கையைக் கேளுங்கள். தப்புச் செய்தவளும் நானே, கோபித்துக்கொண்டவளும் நானே! அவர் எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து மறுபக்கம் போவேன். ஏன்? என் கையைப் பார்த்துவிட்டாரே! பார்த்தும் சொல்லவில்லையே! ஒருவர் நமக்குக் கெடுதல் செய்தால் மன்னிக்கலாம். நாம் கெடுதல் செய்தவரை எப்படி மன்னிப்பது? எனக்கு நாற்பத்தொரு வருடம் ஆகியிருக்கிறது.

என்ன? யார் அங்கே? "சுருக்கமா முடிங்க" என்கிறாயா? தம்பி, நாற்பத்தொரு வருடம் சுருக்கமாகத்தான் இருந்தேன். இன்று ஒரு நாள் நீளமாக இருந்துகொள்கிறேன்.

போன மாதம் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "உங்க ஞாபகம் பெரிய சொத்தும்மா, டிரைவருங்க பேரையெல்லாம் சொல்லுங்க" என்றார். ஏழு பேரையும் மளமளவென்று சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த ஒருத்தரை மட்டும் சேர்க்க முடியாதும்மா. கவனக்குறைவுன்னு எஞ்சினை விட்டு இறக்கியிருக்காங்க. இல்லைன்னு சொல்ல ஒரு காகிதமோ சாட்சியோ இருந்தா குழு சேர்த்துக்கும்."

சாட்சி அவருக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. "இன்னொரு குவளை வேணுமா?" என்று கேட்டது.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் பூட்டு டிரைவரின் வீட்டைத் தேடிப் போனேன். ஒரே அறை, பாதியில் அவர் மகளின் தையல் இயந்திரம், மீதியில் வெட்டிப்போட்ட துணி. ஜன்னல் ஓரத்தில் அவர் உட்கார்ந்து பித்தானையெல்லாம் நிறம் நிறமாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். மகள் மிதியிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள்.

"யாரு?"

"தண்ணீர்க்காரி வந்திருக்கேன்னு சொல்லும்மா."

"சொல்ல வேண்டாம், அவருக்குக் கண்ணு தெரியும். உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், பார்த்து."

உட்கார்ந்தேன். ஆடியது. நாற்காலியா நானா என்று தெரியவில்லை.

"தம்பி, அன்னைக்குத் தண்ணியில சோப்புப் போட்டது நான்தான்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. எஞ்சின் முழுக்க வாசனை வந்துச்சே."

"அப்புறம் ஏன் தம்பி சொல்லலை?"

நான்கு பித்தானை எடுத்து டப்பாவில் போட்டார். எல்லாம் ஒரே நிறம், தப்பாகப் போடவில்லை. பிறகு சொன்னார்:

"நாளைக்கு நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

தையல் இயந்திரம் நின்றது. மக்களே, அந்த வார்த்தையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்னும் இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. நாளைக்கு! மறுநாள் காலை அவர் எழுந்து காத்திருந்திருக்கிறார். அதற்கு மறுநாளும் காத்திருந்திருக்கிறார். சாம்பல் குழியில் குனிந்தபடி எத்தனை நாளைக்கு! திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. நம்பியிருந்தேன் என்று சொல்கிறவரை என்ன செய்வது?

"சரிம்மா" என்றாள் மகள். "சொல்லிட்டீங்க. ஆனா இங்க வந்து சொன்னா என்ன பிரயோஜனம்? இந்த வீட்டுல எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரியாதவங்க வெளியில இருக்காங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

வந்துவிட்டேன். சொல்லிவிட்டேன்.

செயலாளர் அவர்களே! சாட்சி கேட்டீர்கள். இதோ நிற்கிறது சாட்சி. பல் இல்லாத சாட்சி, பம்பு அடித்த சாட்சி, பொய் சொல்லிப் பழகிய சாட்சி. எழுதிக்கொள்ளுங்கள்: கொதிகலனில் அழுக்கு இல்லை, சோப்பு இருந்தது. போட்டவள் நான். மறைத்தவள் நான். பயந்து நெருப்பைக் கொட்டியவர் அல்ல அவர். பயப்பட வேண்டியதை அறிந்து, மேலதிகாரி தடுத்தும் கேளாமல், அறுபது உயிரை இறக்கிவிட்டவர் அவர்! அந்த ஆறு பேரும் குண்டானை ஓட்டினார்கள், மறுக்கவில்லை. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியவர் ஒருவர்தான்! ஓட்டியவருக்குப் பலகை உண்டு, நிறுத்தியவருக்கு இல்லையா? விசில் ஊதியவருக்குப் பெயர் உண்டு, காத்தவருக்கு இல்லையா? என்னைப் போன்றவளுக்கு மேடை உண்டு, அவரைப் போன்றவருக்குப் பலகையில் ஒரு வரி இல்லையா?

கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற இடமில்லை. தட்டியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் திரும்பித் தட்டுங்கள். கடைசி வரிசையில், ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மகள். மகளே, நீ கைதட்டவில்லை. பேசிய நேரம் முழுக்க உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டாதே. பதினோரு வருடச் சாம்பலுக்கு ஒரு மாலைப் பேச்சு ஈடாகாது. என்மேல் பகை வைத்துக்கொள். எப்படி வைத்துக்கொள்வது என்று சந்தேகம் வந்தால் என்னிடமே வந்து கேள். இந்த வட்டாரத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

தம்பி! மேலே வாருங்கள். இந்தத் துணியை இழுக்க வேண்டியது நீங்கள்.

எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி! என்னம்மா சொல்கிறார்? சத்தமாகச் சொல்.

"பேரை எழுதட்டும், அப்புறம் வர்றேன்"ங்கிறாராம்.

கேட்டீர்களா? அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சுகளில் இதுவும் ஒன்று. நியாயமான பேச்சு. என் வாயை நம்பி ஒருமுறை காத்திருந்தார். மறுபடியும் காத்திருக்க அவருக்கு என்ன பைத்தியமா?

ஆகவே துணி விலகாது. பலகை எழுதிய ஓவியர் தெருமுனையில்தான் கடை வைத்திருக்கிறார். செயலாளர் எழுந்துவிட்டார், நடையில் வேகம் போதாது, போங்கள், போங்கள். வெள்ளை வண்ணமும் தூரிகையும் வரும் வரை, ஏழாவது பெயர் எழுதிக் காயும் வரை, நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஆடாத நாற்காலி.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தூங்கியே கேட்ட பெரியவருக்கும், தாய்மார்களுக்கும், தண்ணீர்க் குவளையை இந்தப் பக்கம் நகர்த்திவிட்ட தலைவருக்கும் நன்றி. நாற்பத்தொரு வருடம் வாயைத் திறக்காத மனிதருக்கு, அவர் எழுதச் சொன்ன பெயருக்கு, வயதில் மூத்தவள் வெட்கத்தோடு கைகூப்புகிறேன்.

வணக்கம்.